எங்க ஏரியா மினி பஸ்: மூணரை ஸ்டார், அதுல அரை ஸ்டார் ராத்திரி கடைசி ட்ரிப்புக்கு மட்டும்

நாகர்கோவில்ல பார்வதிபுரம் தாண்டி உள்ளோடி இருக்கிற எங்க ஏரியாவுல இருந்து வெட்டூர்ணிமடம், கிருஷ்ணன்கோவில் வழியா வடசேரிக்கு ஓடுற மினி பஸ்ஸ பத்திதான் இது. பஸ் பேரு வேண்டாம், ஓனரு பேரும் வேண்டாம், ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அவரு தெனமும் பாக்கிற மனுசன். இந்தப் பக்கம் உள்ளவங்களுக்கு எந்த வண்டின்னு சொல்லாமலே தெரியும், காலையில பாட்டு சத்தம் வந்தப்புறம்தான் வண்டி வரும்.

மொதல்ல வண்டி. 25 பேரு உக்காரலாம், நிக்கிறதுக்கு கணக்கு கிடையாது. சீட்டு நல்லா இருக்கு, ரெக்சின் இன்னும் கிழியல, முன்னாடி ரெண்டு வரிசையில காலு நீட்ட இடம் இருக்கு, பின்னாடி கடைசி சீட்டுல உக்காந்தா பள்ளத்துல வண்டி இறங்கும்போது தலை கூரையில இடிக்கும், அதுவும் கொளத்தங்கரை ரோடு ஒரு மழைக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு தெரியும்ல. நமக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசியிலயும் மழை, ரோடு போட்டு அது காயறதுக்குள்ள அடுத்த மழை வந்துரும். ஜன்னல் கண்ணாடி ரெண்டு நவுராது. டீசல் வண்டி, கியர் மாத்தும்போது உள்ள கொஞ்சம் புகை மணம் வரும், வயித்துக்கு ஆகாதவங்க முன்னாடி உக்காருங்க. பாட்டு சவுண்டு டிரைவருக்க மூடை பொறுத்தது, கொறைக்க சொன்னா கொறைப்பாரு, ரெண்டு ஸ்டாப்பு தாண்டி பைய கூட்டிருவாரு.

படிக்கட்டு உயரம். இதை தனியா சொல்லணும். மொத படி எனக்க அம்மைக்கு முட்டு அளவுக்கு இருக்கு, ஏறவே முடியாது. இதுக்கு யாரு வழி பண்ணினான்னா எங்க ஏரியாவுல உள்ள ஒரு ஆசாரி அண்ணன், அவரே பலா மரத்துல ஒரு சின்ன ஸ்டூல் அடிச்சு, அடியில சைக்கிள் டியூபு ரப்பர் வெட்டி ஒட்டி, மேல பிடிக்கிறதுக்கு ஒரு கயிறும் கட்டி கண்டக்டர் கையில குடுத்தாரு. வயசானவங்க நிக்கிற ஸ்டாப்புல கண்டக்டர் பையன் குதிச்சு இறங்கி ஸ்டூலை வைப்பான், "பைய பாட்டி, பைய, கம்பிய பிடிங்க"ன்னு சொல்லி ஏத்திட்டு கயிறை பிடிச்சு ஸ்டூலை உள்ள இழுத்துப்பான். பத்து செகண்டு வேலை. கோடிக்கணக்குல பஸ் வாங்குற எடத்துல யாருக்கும் தோணாத விசயம் இது. ஆனா வீல் சேர்ல உள்ளவங்க ஏறவே முடியாது, அதை மறைக்க வேண்டாம்.

இனி ரூட்டு. புதுசா ஏறுறவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி, வடசேரிக்கு நேரா போகாம இது ஏன் சந்து சந்தா சுத்துதுன்னு. அதுக்கு காரணம் இருக்கு மக்கா. பழைய மினி பஸ் திட்டம் 1997ல வந்தது, அதுல மொத்த ரூட்டே 20 கிலோமீட்டர்தான், அதுல 16 பஸ்சே போகாத ரோடா இருக்கணும், மெயின் ரோட்டுல 4 கிலோமீட்டர்தான் ஓடலாம். அதனால பல ரூட்டுல பஸ் ஆள் இறங்குற எடத்துக்கு முன்னாடியே நின்னுரும், கட்டுப்படி ஆகாம ஓனருங்க பெர்மிட்டை போட்டுட்டு போயிட்டாங்க. 2025ல வந்த புது திட்டத்துல 25 கிலோமீட்டர் வரைக்கும் ஓடலாம், ஆனா 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத ரோடா இருக்கணும். ஜூன் மாசம் தஞ்சாவூர்ல தொடங்கி வச்சாங்க. அப்போ மெயின் ரோட்டுல ஓடுற தூரத்தை விட உள்ளுக்குள்ள ஓடுற தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேணும், அதான் சுத்து. அந்த சுத்துனாலதான் நமக்க வீட்டு வாசலுக்கு வருது, அதுக்கு திட்டுனா எப்படி. அவசரம்னா பார்வதிபுரத்துல இறங்கி மார்த்தாண்டத்துல இருந்து வர்ற பஸ்ச பிடிங்க, பாலத்துக்கு கீழ ட்ராபிக்க தாண்டுறது உங்க சாமர்த்தியம்.

இந்த ரூட்டு சும்மா வரல. ஆர்டிஓ ஆபீஸ்ல மேப்பை பாத்து போட்ட மொத ரூட்டு பள்ளிக்கூடத்து பக்கமே வராம, வீடு கம்மியா உள்ள தென்னந்தோப்பு வழியா போற மாதிரி இருந்துச்சு. எங்க ஏரியாவுல ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் இருக்காரு, அண்ணாச்சின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம், அவருதான் சொன்னாரு, சும்மா மனு குடுத்தா ஃபைல்ல போயிரும், கணக்கு குடுக்கணும்னு. அப்புறம் காலேஜ் படிக்கிற பிள்ளைகளும் ரெண்டு மூணு அக்காமாரும் சேந்து தெரு தெருவா போயி, வீட்டுல எத்தனை பேரு வெளியே போறாங்க, எத்தனை மணிக்கு, எங்க, எதுல போறாங்கன்னு நோட்டுல எழுதுனாங்க. அதை பாத்தப்ப எங்களுக்கே ஆச்சரியம், நாங்க எல்லாம் வடசேரிக்குத்தான் கூட்டம்னு நெனைச்சுட்டு இருந்தோம், பாத்தா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஓபி பாக்க போற வயசானவங்களும், கோணத்துல படிக்கிற பிள்ளைகளும்தான் நெறைய. அவங்க எல்லாம் ஆட்டோவுல பார்வதிபுரம் வந்து அங்க இருந்து ஒரு பஸ்ஸு, வடசேரியில இறங்கி இன்னொரு பஸ்ஸு. ஒரு வேளை மருந்து வாங்க ஆட்டோவுக்கே நூறு ரூபா.

அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள்ல குடுத்தாங்க, வார்டுல ஏரியா சபா நடந்தப்பவும் எழுந்து பேசுனாங்க. ஏரியா சபான்னா நெறைய பேருக்கு தெரியாது, நகரங்கள்ல கிராம சபை மாதிரி ஒண்ணு வேணும்னு 2022ல விதி வந்து, அந்த வருசம் நவம்பர் 1 மொத தடவையா நடந்துச்சு. நவம்பர் 1 நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956ல திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட (அப்போ சென்னை மாநிலம்) சேந்த நாள், லீவு விடுவாங்க, அதனால நம்ம ஊருல அன்னைக்கு கூட்டத்துக்கு ஆளு வரது கொஞ்சம் சிரமம், பாதி பேரு தூக்கம் மீதி பேரு பீச்சு. ஆனா வந்தவங்க கையில கணக்கோட வந்தா பேச்சு வேற மாதிரி போகும். வழக்கமா "எங்க ஏரியாவுக்கு பஸ் விடணும்"னு ஒரு வரி மனு வரும். இங்க "காலை 7:50க்கு இந்த மூணு தெருவுல இருந்து இத்தனை பேரு, போற எடம் இது"ன்னு பேப்பர் மேசையில கெடக்கு, அதை தள்ளி வைக்க யாருக்கும் மனசு வரல. தோப்பு வழி போக இருந்த ரூட்டு பள்ளிக்கூடம் வழியா மாறுச்சு. மெடிக்கல் காலேஜுக்கு நேரா போற கோரிக்கை மட்டும் நடக்கல, அந்த பக்கம் ஏற்கெனவே பஸ் ஓடுற ரோடு, கிலோமீட்டர் கணக்கு ஒத்து வரல.

கொளத்து முக்கு வளைவுதான் இந்த சர்வீஸோட பெரிய தலைவலி. ஒரு பக்கம் கொளம், மறு பக்கம் காம்பவுண்டு சுவரு, நடுவுல ரோடு பத்து பன்னெண்டு அடி. அதுல லீவுக்கு வெளிநாட்டுல இருந்து வந்தவங்க ரெண்டு காரை வெளிய நிறுத்திட்டா பஸ் திரும்பாது. டிரைவர் ஹார்ன் அடிப்பாரு, கண்டக்டர் இறங்கி பெல் அடிப்பான், சாவிக்காரரு குளிச்சிட்டு இருப்பாரு. ஆரம்பத்துல தெனம் சண்டை. அப்புறம் தெருக்காரங்களே பேசி, வளைவுல மஞ்சள் பெயிண்ட் கோடு போட்டு, பக்கத்துல காலியா கெடந்த ஒரு பிளாட்டுக்காரரு கிட்ட கெஞ்சி அங்க காரு நிறுத்த இடம் வாங்குனாங்க. இப்போ சாதாரண நாள்ல பிரச்சனை இல்ல. கல்யாண வீடு, துக்க வீடு, கோயில் கொடை, சர்ச் திருவிழா இருந்தா பஸ் முக்குக்கு வராது, அரை கிலோமீட்டர் முன்னாடி இறக்கி விட்டுருவாங்க, குரூப்புல காலையிலயே மெசேஜ் போட்டுருவாங்க அது ஒரு ஆறுதல்.

இந்த இடத்துல ஒரு வார்த்தை. நம்ம மாவட்டத்துல 2011 கணக்குப்படி 100 பேருல 82 பேரு நகரம்னு கணக்குல வர்ற எடத்துலதான் இருக்கோம், சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல. ஒரு ஊரு எங்க முடியுது அடுத்த ஊரு எங்க தொடங்குதுன்னே தெரியாது, ஆனா ரோடு மட்டும் மாட்டு வண்டி போன காலத்து அகலம். இதுல ஆளுக்கு ஒரு காரு வச்சா நிறுத்த எடம் எங்க இருக்கு? 2006லயே மத்திய அரசு நகர்ப்புற போக்குவரத்து கொள்கைன்னு ஒண்ணு போட்டு, வண்டிய நகத்துறதை பாக்காதீங்க, ஆளை நகத்துறதை பாருங்கன்னு தெளிவா எழுதி வச்சிருக்காங்க. ஆனா நமக்கு பாலம்னா உடனே பிடிக்கும், படிக்கட்டுக்கு ஒரு ஸ்டூல்னா சிரிப்போம்.

மைனி பையன் பெல்ஜியத்துல வேலை பாக்கிறான், அங்க கென்ட்னு ஒரு ஊரு. நான் இந்த வளைவு கதைய சொன்னப்ப அவன் சிரிச்சிட்டு சொன்னான், அங்கயும் இதேதான் நடந்திருக்காம். 2013ல இருந்து தெருக்காரங்களே கொஞ்ச நாளைக்கு தெருவுல காரை விடாம, வேற எடத்துல நிறுத்திட்டு, தெருவுல நாற்காலி போட்டு பிள்ளைகளை விளையாட விட்டு பாத்திருக்காங்க, பிடிச்சா வச்சுக்குவோம் இல்லன்னா விட்டுருவோம்னு. அப்புறம் 2017 ஏப்ரல்ல ஊரு நிர்வாகமே நடு ஊரை சுத்தி ஆறு பகுதியா பிரிச்சு, ஒரு பகுதியில இருந்து இன்னொண்ணுக்கு காருல போகணும்னா வெளிய ரிங் ரோட்டுக்கு போயி சுத்தித்தான் வரணும்னு வச்சுட்டாங்க. பஸ்சு, சைக்கிள், நடக்கிறவங்களுக்கு நேர் வழி. கடைக்காரங்க மொதல்ல குதிச்சாங்களாம். அங்க காரு சுத்துது பஸ்சு நேரா போவுது, நமக்கு பஸ்சு சுத்துது காரு நேரா போவுது, அதான் வித்தியாசம். அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்துல திருவனந்தபுரத்துல 2021ல இருந்து சிட்டி சர்குலர்னு கலர் கலரா ரூட்டு பிரிச்சு பஸ் விடுறாங்க, 2022ல இருந்து அதுல எலெக்ட்ரிக் பஸ்சும் ஓடுது, அங்க உள்ள மெடிக்கல் காலேஜுக்கு போகும்போது ஏறி பாருங்க, சத்தமே இல்லாம கொண்டு விடும். எங்க ரூட்டு மாதிரி குட்டை ரூட்டுக்கு எலெக்ட்ரிக் வண்டி ரொம்ப தோது, மத்தியானம் ரெண்டு மணி நேரம் வண்டி சும்மாதான் நிக்குது, அந்த நேரம் சார்ஜ் போடலாம். ஆனா விலைய பாத்தா தனி ஓனர் வாங்க மாட்டாரு, அவரை குத்தம் சொல்லவும் முடியாது.

காசு விசயம். குறைஞ்ச டிக்கெட் 4 ரூபா, எங்க ஸ்டாப்புல இருந்து வடசேரிக்கு 6 ரூபா. டூவீலர்ல போனா பெட்ரோல், ஸ்டாண்டுல போட்டா அதுக்கு ஒரு காசு, செட்டிகுளம் பக்கம் போனா போலீஸ் ஃபைன் பயம் வேற. ஆம்பளைங்களுக்கு இது லாபம், சந்தேகமே இல்ல. ஆனா பொம்பளைங்களுக்கு? கவர்மெண்டு டவுன் பஸ்ல 2021 மே மாசத்துல இருந்து அவங்களுக்கு டிக்கெட்டுக்கு காசு கிடையாது, விடியல் பயணம். மினி பஸ்ஸு தனியார், இதுல அது செல்லாது. அப்போ தெனமும் வேலைக்கு போற ஒரு அக்காவுக்கு போக வர 12 ரூபா, மாசம் 300 ரூபாய்க்கு மேல. கடையில 9,000 சம்பளம் வாங்குறவங்களுக்கு அது சின்ன காசு இல்ல. அதனால வாசல்ல மினி பஸ் நிக்கும்போதே, வெயில்ல ஒரு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்கு போயி பிங்க் பஸ்சுக்கு காத்து நிக்கிறவங்க எங்க ஏரியாவுலயே இருக்காங்க. நான் ஓனரை கேக்கல, அரசாங்கம் போக்குவரத்து கழகத்துக்கு குடுக்கிற மாதிரி இதுக்கும் குடுத்தா என்னன்னுதான் கேக்கேன். மழை நாள்ல அந்த அக்காமாரு மினி பஸ்ல ஏறும்போது கண்டக்டரு சிலசமயம் டிக்கெட் கேக்காம பாக்காத மாதிரி போயிருவான், அதை இங்க எழுதுனதுக்கு அவனுக்கு திட்டு விழாம இருந்தா சரி.

இப்போ அந்த அரை ஸ்டார். ஆரம்பத்துல வடசேரியில இருந்து கடைசி வண்டி 8:10. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடையில வேலை பாக்கிற பொம்பளப் பிள்ளைகளுக்கு கடை சாத்தவே ஒம்பது ஆகும். காலையில பஸ்ல போயிட்டு ராத்திரி வர வழி இல்லன்னா யாரு பஸ்ல போவா? அப்பனோ அண்ணனோ பைக்குல கூட்டிட்டு வரணும், அப்போ காலையிலயும் பைக்குலயே போயிருவாங்க. ராத்திரி ஒரு ட்ரிப் இல்லாததால காலை ட்ரிப்புலயும் ஆளு கொறையுதுன்னு அண்ணாச்சிதான் கண்டு பிடிச்சாரு, கண்டக்டர் புத்தி. ஓனர்கிட்ட பேசப் போனோம். அவரு சொன்னதும் நியாயம்தான், "நாலு பேருக்காக டீசலை எரிக்க முடியுமா அண்ணாச்சி, டிரைவருக்கு படி நான்தானே குடுக்கணும்". ரெண்டு மணி நேரம் பேச்சு, சாயாவும் ரசவடையும் அவரு செலவு. கடைசியில, அந்த பிள்ளைகள் எல்லாம் காலையிலயும் இதே வண்டியில வரணும், ஒரு மாசம் பாப்போம், ஆளு இல்லன்னா நிப்பாட்டிருவேன்னு ஒத்துக்கிட்டாரு. கடைசி வண்டி 9:20 ஆச்சு. இப்போ அந்த ட்ரிப்புல சீட்டு நெறைஞ்சு வருது, அந்த பிள்ளைகள்ல ஒருத்தி சொல்லுவா, பஸ் வந்த பிறகுதான் மொதலாளிகிட்ட ஓவர்டைம் கேட்டா சரின்னு சொல்ல முடியுது, முந்தி வீட்டுல யாரையாவது கெஞ்சணும்னு. லேடீஸ் இறங்கிற எடத்துல டிரைவர் வண்டிய எடுக்காம, அவங்க சந்துக்குள்ள திரும்புற வரை ஹெட்லைட்டை போட்டுட்டு நிப்பாரு. யாரும் சொல்லி குடுத்தது இல்ல.

ஞாயித்துக்கிழமை அந்த ட்ரிப் கிடையாது, பண்டிகை நேரத்துல கடை பத்தரை வரைக்கும் இருந்தா அன்னைக்கும் ஆட்டோதான், தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சம் இல்ல. ஒன்றரை ஸ்டார் கொறைச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், மத்தியானம் 12ல இருந்து 3 வரை ஒரே ஒரு ட்ரிப், ஓபி முடிஞ்சு வர்ற வயசானவங்க வடசேரியில வேகாத வெயில்ல காத்து நிக்காங்க. டைம் போர்டு எந்த ஸ்டாப்புலயும் இல்ல, சாயாக்கடை சுவத்துல ஒரு பையன் மார்க்கர்ல எழுதி வச்சிருக்கான், அதான் எங்க டைம் டேபிள். வண்டியில ஜிபிஎஸ் இருக்குன்னு சொல்றாங்க, இருந்தா அதை எங்களுக்கும் போன்ல காட்டலாம்ல.

சைக்கிள் பத்தி ரெண்டு வரி. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் குடுக்கிற சைக்கிள் பாதி வீட்டுல துணி காயப் போடத்தான் நிக்கி, டிப்பர் லாரி ஓடுற மெயின் ரோட்டுல பிள்ளைய சைக்கிள்ல விட எந்த அம்மைக்கும் தைரியம் வராது. ஆனா பஸ் வந்ததுக்கு அப்புறம் தூரத்து வீட்டு பிள்ளைகள் ஸ்டாப்பு வரை சைக்கிள்ல வந்து, பலசரக்கு கடை ஓரத்துல பூட்டிட்டு பஸ் ஏறுது. கடைக்கார அண்ணன் மொதல்ல முறைச்சாரு, இப்போ சாயந்திரம் திரும்பி வர்ற பிள்ளைகள் மிட்டாய் வாங்குறதால அவரே தகர ஷெட்டு இழுத்து விட்டுட்டாரு.

ஏறப் போறவங்களுக்கு: காலை 8ல இருந்து 9:30 வரைக்கும் ஸ்கூல் பேக்கு கூட்டம், அந்த நேரத்துல கனகமூலம் சந்தைக்கு வாழைக்குலை, மீன் கூடையோட ஏறாதீங்க, 10:15 வண்டி காலியா இருக்கும். சில்லறை கொண்டு வாங்க, ஐநூறு ரூபா நோட்டை நீட்டுனா கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டான், ஆனா மீதி இறங்குற நேரம் வரைக்கும் வராது. கொளத்து முக்குல காரு வச்சிருக்கவங்க, மஞ்சள் கோட்டுக்கு உள்ள நிறுத்துங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி ட்ரிப்புக்கு இப்போ கணக்கு எடுத்துட்டு இருக்காங்க, சாயாக்கடையில நோட்டு இருக்கு, ஞாயித்துக்கிழமை வேலைக்கு போறவங்க பேரும் நேரமும் எழுதிருங்க.